சுத்தியலால் கேட்டல்

அரைக் கிலோ சுத்தியல்.
மாநகர சபைக் களஞ்சியத்தில்
கையொப்பமிட்டு எடுத்தது.
நல்ல கொங்கிறீட் 'ணங்' என்னும்.
உள்ளே கறள் தின்ற இடம்
பழுத்த பலாவைத் தட்டியதுபோல்
'தொப்' என்று அடங்கும்.
பதினேழு வருசமாய் இதுதான் உத்தியோகம்,
கட்டடங்களின் வயிற்றில் காது வைப்பது.

மாளிகாவத்தைப் பக்கம், சி புளொக்.
நாலு மாடி, நாற்பத்தெட்டு வீடு.
படிவத்தில் இரண்டே கட்டம்:
திருத்தலாம்.
இடிக்கலாம்.
ஒன்றில் சரி போட்டால்
மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கலாம்.

முன்பொரு தடவை, வேறொரு புளொக்கில்,
இரண்டாவதில் சரி போட்டேன்.
அந்தச் சனம் இப்போது பதினொன்றாம் மாடியில்.
லிஃப்ட் பழுதான ஒரு பின்னேரம்
பிரேதமொன்றைப் படியால் இறக்கினார்களாம்,
ஒவ்வொரு திருப்பத்திலும்
நிமிர்த்தி, சரித்து, நிமிர்த்தி.
அந்தச் சரியை அழிக்கப்
படிவத்தில் கட்டமில்லை.

இங்கே,
நாலாம் மாடி நஸீஹாவின் குசினியில் மூன்று வாளி.
எது முதலில் நிரம்பும் என்று
பிள்ளைகள் பந்தயம் பிடிக்கிறார்கள்.
கீழ்மாடித் தர்மசிறிக்கோ
"கூரை எனக்கு மேலேயா இருக்கு?
நடுவில் மூன்று வீடு இருக்கே, மாத்தயா."
அவருடைய நோவு கான்.
மேலே கழுவிய அத்தனையும்
அவர் வாசலில்தான் பொங்குகிறது.
நஸீஹா அந்தக் கானைக்
கண்ணால் கண்டதில்லை.
இரண்டு பேரின் சுவரையும் துளைத்துக்கொண்டு
ஒரே பைப் இறங்குகிறது.
அதற்கு மட்டும் இந்த வாதம் விளங்கவில்லை.

உறுதியை வாங்கிப் பார்த்தேன்.
அறைகள் அவரவர்க்கு.
படி, கூரை, கான், தண்ணீர்த் தாங்கி
'பொதுப் பகுதி'.
பொது என்றால் யார்?
யாரோ வருவார்கள் என்று
நாற்பது வருசம் காத்திருந்தது படிக்கட்டு.
கைபிடி மட்டும் காத்திராமல்
துண்டு துண்டாய் இறங்கிப் போனது
பழைய இரும்புக்காரனிடம்.

இந்த வருசம் ஒரு சின்ன ஏற்பாடு:
குடியிருப்போர் ஒரு மன்றம் அமைத்தால்,
மூன்றில் இரண்டு பங்கு வீடு ஒப்பமிட்டால்,
அவர்கள் போடும் ஒவ்வொரு ரூபாவுக்கும்
சபை ஒரு ரூபா போடும்.
திருத்தியதைச் சாட்டி
வாடகைக்காரரைப் பத்து வருசம் எழுப்பக்கூடாது.
இந்தக் கடைசி வரிக்காகத்தான்
எங்கள் கந்தோரில் கோப்பு
இரண்டு மழைக்காலம் நனையாமல் கிடந்தது.

பார்மசியில் வேலை செய்யும் தயாளினி
எண்பது பக்கக் கொப்பியோடு
படி படியாய் ஏறி இறங்கினாள்.
முப்பத்தொன்று ஒப்பம்.
இன்னும் ஒன்று.
இருபத்தொன்பதாம் வீட்டு உரிமையாளர் கனடாவில்.
உள்ளே இருக்கும் மீன் லொறி ஜெகதாஸ் சொன்னான்:
"என்ர ஒப்பம் செல்லாது அக்கா.
மோட்டர் கழட்டத் தெரியும், அதை எழுதுங்கோ."
எழுதினாள். எண்ணிக்கையில் சேரவில்லை.

அளவுநாடாவின் மறுமுனை பிடிக்க ஆளில்லை என்று
தர்மசிறியைக் கூரைக்குக் கூட்டிப்போனேன்.
பிறந்ததிலிருந்து இங்கே; மேலே வந்தது முதல் தடவையாம்.
எதிரே கண்ணாடிக் கோபுரமொன்று
தன் முப்பத்தாறாவது மாடியைக் கட்டிக்கொண்டிருந்தது.
அவர் அதைப் பார்க்கவில்லை.
விளிம்பில் குனிந்து
தன் வாசலைத் தேடினார்.
தாங்கியைச் சுற்றி வெடிப்பு, வெடிப்பில் அரசங்கன்று.
சுத்தியலைக் கேட்டு வாங்கினார்.
தட்டினார். தொப்.
இரண்டடி தள்ளி, தொப்.
தூணின் தலையில்,
ணங்.
என்னைப் பார்த்தார்,
வாத்தியாரிடம் விடை சரிபார்க்கும் பையனைப்போல.
பிறகு ஒவ்வொரு தூணாய்ப் போனார்.
பஸ் போய்விட்டது.

கீழே வந்ததும் சொன்னார்:
"ஒப்பம் வைக்கிறன். முதலில் கான் என்று எழுது, மகள்."
தயாளினி வெட்டி எழுதினாள்.
தாளில் கான் மேலே ஏறிற்று,
கூரை கீழே இறங்கிற்று.
அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.