வலது கன்னம்

முகம் கழுவி வந்து நாற்காலியில் சாயும்போதே
எனக்குத் தெரிந்துவிடும்.
எப்சிபா அக்கா ஒருக்களித்துத் தூங்குகிறவர்.
தலையணை மடிப்பு காதோரம் தங்கிவிட்டது.
ஷம்ஷாத்துக்குக் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட்.
தூங்காத தூக்கத்தையெல்லாம்
கண்ணுக்குக் கீழே இறக்கி வைத்திருக்கிறாள்.

"தண்ணி நெறைய குடிக்கிறேன் சிஸ்டர்"
என்கிறாள் இன்னொருத்தி.
குடிப்பதில்லை. உதட்டைப் பார்த்தால் தெரியாதா.
முந்நூற்றைம்பது ரூபாய்க்கு
அவள் முகத்தில் பப்பாளியை அப்புகிறேன்.
தின்றால் இருபது ரூபாய்.
சொல்ல மாட்டேன்.
தண்டையார்பேட்டையில் கடை வாடகை உங்களுக்குத் தெரியாது.

தேசப்பன் மட்டும் என் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை.
பதினோரு வருஷமாக டிரெய்லர்.
ராத்திரி பதினொன்றுக்கு பரோட்டா, நாலு மணிக்கு பீடி,
வரிசையில் நிற்கும் நேரமெல்லாம்
சர்க்கரை தூக்கலாக டீ.
பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்,
சர்க்கரை தோலுக்கடியில் போய்
நாரையெல்லாம் கம்பிப் பாகாக இறுக்கிவிடுமாம்.
அன்றைக்கு அவனைத்தான் நினைத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு ஷட்டரை இறக்கிவிட்டு
வலுக்கட்டாயமாகச் சாய்த்தேன்.
குழல் விளக்குக்குக் கீழே அந்த முகம்.
உள்ளங்கையால் பாதியை மூடினேன்:
நாற்பது.
கையை மாற்றி மூடினேன்:
ஐம்பத்தைந்து இருக்கும்.
"இன்னா அப்டி பாக்குற?"

ஒன்றுமில்லை என்றேன்.
மனசுக்குள் எண்ணூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன்.
மத்தியானம் தெற்கே பார்த்து துறைமுக வரிசை,
மேற்கு வெயில் வலது ஜன்னலில்.
காலையில் வடக்கே திரும்பினால்
கடல் பக்கத்து வெயில்,
அதுவும் வலது ஜன்னலில்.
போனாலும் அந்தக் கன்னம்தான், வந்தாலும் அந்தக் கன்னம்தான்.
கண்ணாடியை ஏற்றினால் வேகும்,
இறக்கினால் நிலக்கரித் தூசி.

கட்டிலில் சுவரோரம் நான்.
இத்தனை வருஷமும்
இடது கன்னத்தோடுதான் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

சன்ஸ்கிரீன் ட்யூபை டிபன் பையில் வைத்தேன்.
"பசங்க சிரிப்பானுங்க" என்று எடுத்து வெளியே போட்டான்.
திரும்ப வைத்தேன்.
திரும்ப எடுத்தான்.
மூன்றாம் நாள் சாப்பாட்டை நானே
வரிசைக்குக் கொண்டு போனேன்.

கண்ணுக்கெட்டிய வரை கண்டெய்னர்.
ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முழங்கை,
எல்லாம் வலது,
எல்லாம் கருவாட்டு நிறம்.
அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்து
ஒன்றும் பேசாமல் ட்யூபைத் திறந்தேன்.
பின்வண்டி கிளீனர் விசிலடித்தான்.
"மூடுறா" என்று கத்திவிட்டு
அவன் கன்னத்தைக் காட்டினான்.

வெற்றிலை போடாதே, டீயைக் குறை,
நேரத்துக்குத் தூங்கு என்று
ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன்.
வரிசை எப்போது நகரும் என்று
இவனுக்கே தெரியாதபோது
எந்த நேரத்துக்குத் தூங்கச் சொல்வது?

இன்றைக்கு இடம் மாற்றிப் படுத்தேன்.
"அந்தப் பக்கம் இன்னா?" என்றான் தூக்கத்தில்.
பழக்கமில்லாத கன்னம்,
உப்புத்தாள் மாதிரி.
பீடி வாசனை, டீசல்,
கொஞ்சூண்டு வெள்ளரிக்காய்.