இறங்குமுக ஏலம்

என் வேலை இடைவெளிகளை அளப்பது.
காதில் ஹெட்போன், காலடியில் ஒரு மிதிகட்டை;
மிதித்தால் பேச்சு பின்னால் ஓடும்.
ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே
எத்தனை நொடி என்று எழுதுகிறேன்.
இரண்டுக்குள் இருந்தால் கணக்கில் இல்லை.
இருபதைத் தாண்டினால்
'பதில் இல்லை' என்ற கட்டத்தில் ஒரு கோடு.

பதினான்காம் நபர்.
பெயர் எழுதக் கூடாது என்பது நெறிமுறைக் குழுவின் உத்தரவு.
ஆனால் ஒலிப்பதிவு முழுக்க அவர் மனைவி
எலாதியோ, எலாதியோ என்கிறாள்.
நான் என்ன செய்ய?

கலீசியாவில், அட்லாண்டிக் ஓரம்,
முப்பத்தோரு வருஷம் மீன் ஏலம் கூவியவர்.
அந்தத் துறையில் விலை ஏறாது,
உச்சியிலிருந்து இறங்கும்:
நாற்பது முப்பத்தொன்பது முப்பத்தெட்டு
மூச்சு விடாமல், ஈரத் தரையில் பூட்ஸ் வழுக்க,
யாராவது 'எனக்கு' என்று சொல்லும்வரை.
சொன்ன இடத்தில் நிற்கும். பெட்டி கைமாறும்.

போன அக்டோபரில்,
இருபத்தாறுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவே
மூளையின் இடப்பக்கம் ஒரு குழாய் அடைத்தது.
வாங்க வந்தவர்கள் காத்திருந்தார்களாம்,
இருபத்தைந்து வரும் என்று.

நான் படங்களைக் காட்டினேன்.
சீப்பு.
பதினெட்டு நொடி. இடக்கையால் தலைவாரிக் காட்டினார். பூஜ்யம்.
குடை.
ஜன்னலைக் காட்டினார்; மழை பெய்துகொண்டுதான் இருந்தது. பூஜ்யம்.
சுத்தியல்.
பிசிறில்லாமல் ஒரு கெட்ட வார்த்தை வந்தது,
முழுசாக, இலக்கணத்தோடு.
அதற்கும் பூஜ்யம்தான். மூவரும் சிரித்தோம்,
சிரிப்பு ஆறு நொடி.

பிறகு எண் அட்டைகள். முதலில் ஏழு.
உதடு குவிந்து, நழுவியது.
அடியிலிருந்து தொடங்கினார்: ஒன்று, இரண்டு, மூன்று.
சொற்கள் போன பிறகும் வரிசை மிஞ்சும்,
எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது.
வாழ்நாளெல்லாம் இறக்கியவர்
இப்போது ஏறத்தான் முடிகிறது.
ஏறுகிறவருக்கு நிற்கத் தெரியவில்லை.
ஏழு தாண்டி, எட்டு, ஒன்பது, பதினான்கு;
இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டவர்போல
கண் மட்டும் பின்னால் திரும்பிப் பார்த்தது.

மூன்றாம் முறை.
கோட்டைக்கூடக் கழற்றாமல் மூலையில் உட்கார்ந்திருந்த எர்மிதாஸ்,
ஐந்து, ஆறு, ஏழு,
கையைத் தூக்கினாள்: 'எனக்கு!'

நின்றது.
ஜன்னலில் மழை.
அவர் நிமிர்ந்து உட்கார்ந்து விரலை அவள் பக்கம் நீட்டினார்,
விற்றாயிற்று என்கிற மாதிரி.

விதி தெளிவானது:
உடன் வந்தவர் குறிப்புக் கொடுத்தால் மதிப்பெண் கிடையாது.
பூஜ்யம் போட்டேன்.
மூன்று. 'எனக்கு.' பூஜ்யம்.
பன்னிரண்டு. 'எனக்கு.' பூஜ்யம்.
அன்று அவள் ஒன்பது எண்களை வாங்கினாள்.

கட்டுரையில் அது ஓர் அடிக்குறிப்பானது.
மதிப்பீட்டாளர் கேட்டார்:
ஒரே ஆளை வைத்து என்ன சொல்ல வருகிறீர்கள்?
நியாயமான கேள்வி. நீக்கிவிட்டேன்.

ஒன்றை மட்டும் அழிக்கவில்லை, சேர்க்கவும் இல்லை.
நான் காப்பி எடுக்கப் போனபோது
நிறுத்த மறந்த கருவியில் நாலு நிமிஷம்.
இங்கே புழுக்கமாக இல்லையா, எலாதியோ, என்கிறாள்.
இருபத்திரண்டு நொடி.
விதிப்படி, பதில் இல்லை.
மிதித்து மிதித்துக் கேட்கிறேன்:
நாற்காலி ஒன்று இழுபடுகிறது.
அவள் கோட்டின் ஜிப் இறங்குகிறது,
ஒற்றைக் கையால் என்று கேட்டாலே தெரிகிறது,
விட்டு விட்டு,
அடிவரை.