மாதிரித் தோட்டம், தெமட்டகொடை

பார்வையாளர் வரும் நாட்களில்
ஏழு அடுக்கையும் நான்தான் சொல்லவேண்டும்.
உச்சியில் ஈரப்பலா,
அதற்குக் கீழே முருங்கையும் கொய்யாவும்,
பிறகு கறிவேப்பிலை, கொச்சி,
இடுப்பளவில் ரம்பை,
நிலத்தோடு வல்லாரை,
மண்ணுக்குள் மரவள்ளி,
எல்லாவற்றிலும் தொற்றி ஏறும் மிளகு.
விரல் மடித்து எண்ணுவேன்.
ஏழாவதுக்கு வரும்போது
கண்டி ரயில் வந்து வாயை அடைத்துவிடும்.

"இதில் பாத்தி எங்கே?"
சப்பாத்தில் மண் படாத தூரத்தில் நின்று கேட்டார்
மாநகரசபையிலிருந்து வந்தவர்.
பாத்தி இல்லை ஐயா.
இலை விழும், நாங்கள் கூட்டுவதில்லை.
"அப்போ வேலையே இல்லை."
இருக்கிறது என்றேன்.
என்ன வேலை என்று சொல்ல வரவில்லை.

முதல் வருடம் நாங்கள் தோண்டியது மண் அல்ல.
செங்கல், கம்பி, தகரம், சிமெந்துக் கட்டி,
ஒற்றைச் செருப்பு,
மாபிள் இரண்டு.
குத்துக்குக் குத்து அலவாங்கு கணீரென்றது.
சீமைக்கிளுவை மட்டும்
வெட்கமில்லாமல் இடிபாட்டில் தளிர்த்தது.
வெட்டி வெட்டிப் போட்டோம்,
அழுகட்டும் என்று விட்டோம்.
மூன்றாம் மாரிக்குப் பிறகுதான்
ஒரு மண்புழு.

வாழைவட்டக் குழியை ஆழமாக்கிய அன்று
நீல டைல் ஒன்று வந்தது.
மூலை உடைந்திருந்தது, நடுவில் பூ முழுசாக.
ருமைஸா வாங்கி முந்தானையால் துடைத்தாள்.
"என்ட குசினி."
சந்திரகாந்தி சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்து
அலவாங்கை மரத்தில் சாய்த்தாள்.

வீட்டை இடித்த பிறகு ருமைஸாவுக்குக் கிடைத்தது
அதோ தெரியும் அடுக்குமாடியில் பதினோராம் தட்டு.
லிஃப்ட் ஓடாத நாளிலும்
மீன்செதிளும் தேயிலைச் சக்கையும் நிறைந்த வாளியோடு
இறங்கி வருவாள்.
"அங்க எங்க கொட்டினாலும்
கீழ்வீட்டாள்ட தலையிலதான்" என்று சிரிப்பாள்.

டைலை மேலே கொண்டுபோவாள் என்று நினைத்தேன்.
இல்லை.
குழிக்குள் தண்ணீர் இறங்கும் வாயில்
பூ வானம் பார்க்க வைத்து
குதிகாலால் இரண்டு மிதி.
"இனி மழைக்கு மண் கரையாது."
பிறகு கொச்சி பிடுங்கப் போய்விட்டாள்.

நேற்று வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும்
ஏழுதான் சொன்னேன்.
மூக்கு ஒழுகிய ஒருவன் விடவில்லை.
"மரவள்ளிக்குக் கீழ என்ன இருக்கு, டீச்சர்?"
ரயில் வருமா என்று பார்த்தேன். வரவில்லை.
வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்த ருமைஸா
நாடியால் அவனுக்கு
அலவாங்கைக் காட்டினாள்.