நானூறு கஜம்

ஸ்வான்சீயில் இருபத்தாறு வருடமாகப்
பேருந்து ஓட்டுகிறான் ஐத்வல்.
இரண்டு நிமிடம் பிந்தினால்
எங்கிருந்தோ ஒரு குரல் காரணம் கேட்கும்.
விடுப்பு கிடைத்த வியாழக்கிழமை
என்னைக் கூட்டிக்கொண்டு
ரயில் பார்க்கக் கிளம்பினான்.
"வேறு யாராவது ஓட்டட்டும்,
நான் ஆற அமர உட்கார வேண்டும்."
அதற்குமேல் நான் கேட்கவில்லை.

காலையில் ஏறியது பெரிய ரயில்.
பெரியது என்றால்
இரண்டடி அகலத் தண்டவாளம்,
ஓர் ஆடு குறுக்கே படுத்தால் போதும்,
போக்குவரத்து முடிந்தது.
மலையை வெட்டிய கற்பலகைகளை
ஒரு காலத்தில் சுமந்ததாம்.
இன்று சுமந்தது
ஈர மழைக்கோட்டுகள், ஒரு கிழட்டு நாய்,
லிவர்பூல் குடும்பம் ஒன்று,
அவர்களுடைய முட்டை சாண்ட்விச் வாசனை.

"தலையை வெளியே நீட்டாதீர்" என்ற
பலகைக்குக் கீழே
எல்லோரும் தலையை நீட்டியிருந்தோம்.
என் கண்ணில் கரித்துகள் விழுந்தது.
கைக்குட்டை நுனியை முறுக்கி எடுத்து
விரல்மேல் வைத்துக் காட்டினான் ஐத்வல்:
"கடுகளவுதான். வீட்டுக்குக் கொண்டுபோகிறாயா?"

மூன்றாவது மேட்டில்
சக்கரம் வழுக்கியது. ஈர இலைகள்.
எஞ்சின் இழுத்தது, இருமியது, நின்றது.
கரி அள்ளிப் போடும் பெண்
(கல்லூரியில் கணிதம் படிக்கிறாளாம்)
வாளியோடு குதித்து இறங்கித்
தண்டவாளத்தில் மணல் தூவினாள்,
கோழிக்கு நொய் போடுகிறவளைப் போல.
ஐத்வலின் வலக்கை தானாகவே
இடது மணிக்கட்டுக்குப் போனது.
கடிகாரம் வீட்டில்.
அது கட்டியிருந்த இடத்தில்
வெளுத்த தோல், ஒரு வளையமாக.
அதையே உற்றுப் பார்த்துவிட்டு
"சரியான நேரம்தான்" என்றான்.
வேலிக்கு அப்பால் ஓர் ஆடு
எங்களைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தது.

அடுத்த பள்ளத்தாக்கிலும் ஒரு ரயில் உண்டு என்று
தேநீர்க் கடையில் சொன்னார்கள்.
சொல்லிவிட்டுச் சிரித்தார்கள்.

போய்ப் பார்த்தால்
நிலையம் இருந்தது.
சாயம் காயாத பெஞ்சு இருந்தது,
ஐத்வலின் கால்சட்டை அதற்குச் சாட்சி.
தடித்த அட்டைச் சீட்டு,
அதில் ஓட்டை போட ஒரு கருவி,
எண்ணெய் விளக்கு, விசில், கொடி.
பாதைதான்
மொத்தமே நானூறு கஜம்.

"அந்தக் கடைசி வேலி எவன்ஸுடையது.
நிலம் தர மாட்டேன் என்கிறார்.
எங்களுக்கு கேக் சுட்டு அனுப்புகிறவர்
அவர் மனைவி."
கார்டு நெரிஸ் சொன்னார்.
பதினோரு வருடம்,
சனி ஞாயிறுகளில் குனிந்து குனிந்து
போட்ட பாதை.
இஸ்திரி மடிப்புக் கலையாத பச்சைக் கொடியை
எங்கள் இருவருக்காக விரித்தார்.

விசில்.
காலை நீட்டி உட்காருவதற்குள்
வந்து சேர்ந்துவிட்டோம்.
அப்படியே பின்னோக்கித் திரும்பினோம்.
"சீட்டு நாள் முழுக்கச் செல்லும்" என்றார் நெரிஸ்.
"இன்னொரு தடவை?"

இரண்டாம் தடவை ஓர் ஓடை தெரிந்தது.
மூன்றாம் தடவை
ஓடையில் ஒற்றைக்காலில் ஒரு சாம்பல் நாரை.
நான்காம் தடவை
அதற்கு நாங்கள் பழகிப்போயிருந்தோம்.
ஐந்தாம் தடவை ஐத்வல் தூங்கிவிட்டான்,
வாய் லேசாகத் திறந்து,
விரலிடுக்கில் சீட்டோடு,
அவன் பேருந்தில் கடைசி நிறுத்தம்வரை
யார் யாரோ தூங்கியதைப் போல.

விசிலை உதட்டுக்குக் கொண்டுபோன நெரிஸ்
அவனைப் பார்த்தார்.
விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு
கொடியை மட்டும் அசைத்தார்.
ஓட்டுநருக்கும் புரிந்திருக்க வேண்டும்.
விளிம்புவரை நிறைந்த கிண்ணத்தை
மேசையிலிருந்து எடுப்பதுபோல
எடுத்தார் வண்டியை.

எவன்ஸின் வேலிவரை போனோம்.
திரும்பினோம்.
போனோம்.

நாரை இன்னும்
ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை.