கரண்ட் போன நேரம்

எங்கள் தெரு பள்ளிப்பட்டு லைன்.
ஓடைக்கு அந்தப்பக்கம் நகரி லைன்.
இங்கே போனால் அங்கே இருக்கும்,
அங்கே போனால் இங்கே.
இரண்டும் சேர்ந்து போனது
ஒரே ஒரு தடவை, புயலின்போது.
அன்றைக்குத்தான் தெரிந்தது
ஓடையில் தவளை இருக்கிறது என்று.

தேஜஸ்வினி வயிற்றில் இருந்தபோதும்
நான் நாலு தறி பார்த்தேன்.
டடக்கு டடக்கு, நாடா போகும், நாடா வரும்.
உள்ளேயே பழகியிருப்பாள் என்றார்கள்.
ஒன்றும் பழகவில்லை.
ஒன்பது மாதத்தில் தறி ஓடினால்
உட்கார்ந்த இடத்திலேயே குலுங்குவாள்,
தறி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.
மழைக்கும் அதே குலுக்கல்,
மீன்காரர் ஹாரனுக்கும்.

இரண்டு வயதில்
காலித் தார்க்குச்சி இரண்டு கிடைத்தது.
தகரப்பெட்டி மேல் தட்டித் தள்ளினாள்.
எப்போதும் ஒரே வேகம், அவசர வேகம்,
சோறு பொங்கி மூடியைத் தள்ளுகிற மாதிரி.
"மெதுவா" என்பேன்.
சத்தத்தைக் குறைப்பாள்,
ஓட்டத்தைக் குறைக்கமாட்டாள்.
இரண்டுக்கும் நம்மிடம் ஒரே சொல்தானே,
அவளைச் சொல்லி என்ன.

நாலு வயதில் ஒன்று கவனித்தேன்.
தறியோடு தட்டச் சொன்னால் வழுக்கி ஓடுகிறாள்.
நான் எதிரில் உட்கார்ந்து
அதையே கை தட்டினால்
என் முகத்தைப் பார்த்துப் பார்த்து,
சரியாக இல்லாவிட்டாலும்
பக்கத்தில் வந்து நிற்கிறாள்.
இரும்புக்கு முகம் இல்லை.

ஆனாலும் சத்தம் கேட்ட பிறகுதான் கை இறங்கும்.
கேட்டு, தட்டி,
கேட்டு, தட்டி,
கிளம்பிய பஸ்ஸை ஓடிப் பிடிக்கிறவள் போல
ஒரு மயிரிழை பின்னால்.

ஏழாம் வயதில்,
தேதி குறித்து வைக்கவில்லை,
கூலி நோட்டில் புடவை எண்ணிக்கைதான் இருக்கிறது,
கை முந்திக்கொண்டது.
நாடா அந்தக் கரையில் போய் இடிக்குமுன்னே
குச்சி கீழே இறங்கத் தொடங்கியிருந்தது.
வரும் என்று
யாரோ அவளிடம் சத்தியம் செய்த மாதிரி.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் கரண்ட் போனது.
நாலு தறியும் பாதி நாடாவில் நின்றன.
குச்சி நிற்கவில்லை.
இருட்டில் எங்கள் தறியின் வேகம்
தகரப்பெட்டியில் போய்க்கொண்டே இருந்தது.
ஓடைக்கு அப்பால் நகரி லைன் தறிகள்,
எங்களுடையதைவிடக் கொஞ்சம் சோம்பேறிகள்,
வா வா என்று இழுத்தன.
பாதி தூரம் போனாள்.
திரும்பி வந்தாள்.
கரண்ட் வந்து தறி எழுந்தபோது
கச்சிதமாய்ச் சேர்ந்தது என்று சொல்ல ஆசைதான்.
சேரவில்லை. அரை அடி முந்தியிருந்தாள்.
நின்று, தறிக்கு வழிவிட்டு,
ஏறிக்கொண்டாள்.

இப்போது பதினொன்று.
தறி அடிக்கிற இடத்தில் அவள் அடிப்பதேயில்லை.
இரண்டு அடிக்கு நடுவில்
சந்து பார்த்து வைக்கிறாள்.
பெருமையாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.
இழை அறுந்தால் எனக்குக் காதில்தான் தெரியும்,
இவள் காதையே குழப்புகிறாள்.

நேற்றும் போனது.
"மீகு போயிந்தா?" என்று
ஓடைக்கு அப்பாலிருந்து முனெம்மா கேட்க,
"போயிந்தி!" என்று நான் கத்த,
மோகித், மூன்று இன்னும் முடியவில்லை,
இருட்டில் குழம்புச் சட்டி மூடியை எடுத்துத் தொடங்கிவிட்டான்.
அதே அவசரம். அதே பொங்குகிற சோறு.
"மெதுவாடா" என்று நான் வாய் திறக்குமுன்
தேஜு குச்சியை எடுத்தாள்.
இரண்டு அடி சும்மா கேட்டாள்.
மூன்றாவதில் அவனோடு ஓட ஆரம்பித்தாள்,
அவன் தடுக்கிய இடத்தில் தடுக்கி,
அவன் விட்ட இடத்தில் விட்டு.

"அக்கா, நான் கரெக்டா அடிக்கறேன்ல?"

"ஆமாடா" என்றாள்,
கை நிற்காமல்.

ஓடைக்கு அப்பால் அந்தத் தறிகள்
அவை பாட்டுக்கு.