ஐப்பசிக் கல்

கள்ளிக்குடி தாண்டி, தண்டவாளத்துக்கு மேற்கே எங்கள் ஆலை.
இரவுப் பணி. மணி பதினொன்று இருபது.
திருமங்கலத்தில் பிடித்த மழை
லாரிகளின் பின்னாலேயே ஓடி வந்து
எடைப்பாலத்தில் வரிசையில் நிற்கிறது.

பெல்ட்டின் மேல் சுண்ணாம்புக்கல் ஓடுகிறது.
அடியில், தடித்த சுவர்ப் பெட்டிக்குள்,
கடுகை நூறாக உடைத்தால் ஒரு துணுக்கு,
அவ்வளவே கலிஃபோர்னியம்.
யாரும் கேட்காமலே நியூட்ரான்களை இறைக்கிறது.
கல் அவற்றைப் பிடிக்கும்.
பிடித்த கணமே ஒரு காமாக் கதிரை விடும்,
கால்சியம் தன் குரலில், சிலிக்கான் தன் குரலில்.
குரல்களை எண்ணி
நிமிடத்துக்கு ஒரு வரி எழுதுவது கருவியின் வேலை.
அந்த வரியை நம்புவதா என்பது
என் வேலை.

நாற்பத்தொன்று புள்ளி நான்கு, என்கிறது திரை.
ஒப்பந்தம் நாற்பத்து நான்கரை.
பதினான்கு நடைக்கும் காசு பிடிக்கலாம்.

கண்ணாடிக்கு வெளியே மொக்கராசு,
தலையில் யூரியாச் சாக்கு.
"யக்கா, போன வாரம் எடுத்த அதே குழிதான்.
மிசினு பொய் சொல்லுது. அவய்ங்க கேக்க மாட்டாய்ங்க,
நீயாச்சும் பாரு."

பொய் இல்லை, மொக்கராசு.
சித்திரையில் அதற்குப் பாடம் சொன்னோம்,
நூற்றுக்கு இரண்டு ஈரம்கூட இல்லாத கல்லை வைத்து.
படித்ததை ஒப்பிக்கிறது.
இது ஐப்பசிக் கல்.

தண்ணீருக்குள் இருக்கும் ஹைட்ரஜன்
நியூட்ரானின் ஓட்டத்தை ஒடிக்கும்.
களைத்த நியூட்ரான் எளிதில் பிடிபடும்.
எண்ணிக்கை எகிறும்; கல்லில் ஒன்றும் கூடியிருக்காது.
இந்தப் பக்கம் தராசு
தண்ணீரையும் கல்லென்றே நிறுக்கும்,
சுண்ணாம்பின் பங்கு சரியும்.
ஏறுவதும் இறங்குவதும் கழிந்துவிடும் என்று
முதல் வருஷம் நம்பினேன்.
கழிவதில்லை.

ஆடியில் புது பெல்ட் மாட்டினோம்.
மறுநாளே குளோரின் தலைதூக்கியது.
மூன்று நாள் குவாரிக்காரரைத் திட்டித் தீர்த்தோம்.
குளோரின் இருந்தது பெல்ட்டில்.
கல்லைக் கேட்டால்
கல்லைச் சுமப்பதும் சேர்ந்து பதில் சொல்கிறது.

கல் குவிந்து ஓடினால் நடுக்கல் முனகும்.
மெலிந்து ஓடினால் குரலே போதாது,
திரை தள்ளாடும்.
செம்மண் கட்டிகள் ஓரமாகவே ஒட்டி வந்தால்
அந்த ஓரத்தை அது அரைக்காதில்தான் கேட்கும்.

பெல்ட்டை நிறுத்தச் சொன்னேன்.
போர்மேன் அருளானந்தம் கடிகாரத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார், பொத்தானை அழுத்தினார்.
குறுக்கே ஒரு முழம் அளந்து
பொடியும் கட்டியும் சேறுமாக
ஒன்றும் விடாமல் வழித்தெடுத்தேன்.
கட்டியை மட்டும் எடுத்தால் மொக்கராசுக்கு லாபம்.
சேற்றை மட்டும் எடுத்தால் ஆலைக்கு.

நூற்றைந்து டிகிரி அடுப்பு. மூன்று மணி நேரம்.
அவன் நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிவிட்டான்.
கல்லிலிருந்து போனது நூற்றுக்கு ஒன்பது, வெறும் மழை.
மிச்சத்தை அரைத்து, ஆய்ந்து, இன்னொருமுறையும் ஆய்ந்து:
நாற்பத்து நான்கு புள்ளி மூன்று.

ஒப்பந்தத்துக்குப் புள்ளி இரண்டு குறைவு.
என் கை, என் தராசு, நான் வழித்த ஒரு முழம்,
எல்லாம் சேர்த்து என் பிழையே புள்ளி மூன்று வரும்.

படிவத்தில் எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு.
சந்தேகத்துக்குக் கட்டம் இல்லை.
ஓரத்து வெள்ளையில், மையால்,
கூட்டல் குறியின் கீழ் ஒரு கழித்தல் குறி போட்டு
புள்ளி மூன்று என்று எழுதினேன்.

எழுந்து வந்தவன் தாளை எட்டிப் பார்த்தான்.
"இதுல நான் கூட்டலாக்கா, கழித்தலா?"

தெரியல. அதைத்தான் எழுதியிருக்கேன், என்றேன்.

சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டான்.
வெளியே அவன் லாரியின் தார்ப்பாயிலிருந்து
இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது,
எடைப்பாலத்தின் மேலேயே.