நானூறாம் நம்பர் தாள்

பழைய ஸ்பீக்கரில் பிடுங்கிய காந்தத்தை
பானட்டில் வைத்தார் ரிஃப்கான்.
ஒட்டவில்லை. வழுக்கி விழுந்து
கராஜ் தரையில் ஒரு நட்டைப் பிடித்துக்கொண்டது.
"இரும்பில்ல மலர், ஃபைபர்.
மருந்து ஊத்தினா பெயின்டோட உடம்பையும் தின்னிரும்.
கையாலதான்."

கையால்தான். பதினொரு நாள்.
பண்டாரவளையில் அந்த ஐப்பசி முழுக்க மழை;
தண்ணீருக்குக் குறைவில்லை.
வாளி, சவர்க்காரம், ரப்பர் கட்டை.
நூற்றெண்பதில் தொடங்கி முந்நூற்றிருபது.
சிவப்புச் சேறு முழங்கை வழியே இறங்கும்.
சிவப்புக்குக் கீழே தயிர் வெள்ளை.
வெள்ளைக்குக் கீழே ஒரு கறுப்பு.

மற்றதெல்லாம் கன்னில் அடித்தது.
கறுப்பு மட்டும் பிரஷ்.
வழிந்து, வழிந்தபடியே இறுகி,
நடுவில் ஒரு பிரஷ் மயிர்.
நகத்தால் கிளப்பினேன், வரவில்லை.
அறுபத்தேழாம் வருஷத்துச் சிமிட்டாருக்கு
வேலிக்கட்டைக்குத் தார் பூசுவதுபோல்
எவன் பூசுவான், அதுவும் இருட்டில்?
திட்டிக்கொண்டே
இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

டிக்கி மூடியில்தான் அது.
கறுப்பு விலகிய இடத்தில் நீலம்,
நீலத்தில் மஞ்சளாய் ஒரு வளைவு,
தூக்கிய தும்பிக்கை மாதிரி.
தாளை மாற்றினேன். நானூறு. விரல் நுனியால்.
கோயில் மணியில் மட்டும் பார்த்திருந்த
பழைய எழுத்து ணை.
அதற்கு முன்னால் து.
அதற்கும் முன்னால்
வெறும் ஃபைபர், சாம்பலாய்,
என் கை போன வேகத்தில்.

முருகனா, மாரியா, மாதாவா,
யார் துணை?
வாளிக்குள் பார்த்தேன்.
நாலு பெயின்டும் கலந்து
பேர் சொல்ல முடியாத ஒரு நிறம்.

சனிக்கிழமை தியத்தலாவையிலிருந்து
விஜேகோன் மஹத்தயா வந்தார்.
என்ன எழுதியிருக்கு என்று சிங்களத்தில் கேட்டார்.
சரியான சொல் வாயில் வரவில்லை.
'கூட வாறது' என்று சொல்லிவைத்தேன்.
"யாரு கூட?"
"தெரியல மஹத்தயா. அது நான் தேய்ச்ச பக்கம்."

மூடியில் கை வைத்தார்,
எழுத்தின் மேல் அல்ல, பக்கத்தில்.
அப்பா வாங்கின கார். எண்பத்துமூணு, ஆகஸ்ட்.
ரொம்ப மலிவு என்பாராம்.
யாரிடம் என்று சொன்னதில்லையாம்.
பிறகு, மழை பிடிக்குமுன் போகணும் என்றார்.
வாசலில் நின்று
"வழுவழுப்பா வரணும் பாஸ்" என்று
ரிஃப்கானிடம் சொன்னார்.

ராத்திரி கை முழுக்க ஊசி. கண்ணாடி நார்.
சுடுதண்ணீர் ஆகாது, துவாரம் திறந்து உள்ளே போய்விடும்.
சசிதரன் செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்தான்.
லைட்டில் பிடித்தால் மினுங்கியது.
"என்ன கலர் அடிக்கப்போறீங்க?"
சிவப்புத்தான் என்றேன். மறுபடியும்.

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது.
அந்த இரண்டு எழுத்தை மட்டும் தேய்க்கவில்லை.
விரலுக்குத் தட்டாதபடி
ஓரத்தை இழைத்துவைத்தேன்.
ரிஃப்கான் கண்டார். கன்னில் பிரைமர் ஊற்றினார்.
டிக்கியை முதலில் அடிப்பதா, கடைசியிலா என்றார்.

கடைசியில், என்றேன்.